குளிரில் விறைக்கும் கடலாமைகளும் வாழைப்பழப் பெட்டிகளும் – ஒரு சிறிய வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.

கடலாமை குளிரில் விறைத்துப்போகும் என்று எமது கரையோர மக்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். எமது கடல் மார்கழியிலும் வெதுவெதுப்பாகத்தான் கிடக்கிறது. வருடம் முழுவதும் சுமார் 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை. இங்கே ஆமை சாவதென்றால் வலையில் சிக்கிச் சாகும், படகின் விசிறியில் வெட்டுப்பட்டுச் சாகும், பொலித்தீனை விழுங்கிச் சாகும். குளிரில் சாகாது.

ஆனால் உலகின் வேறு கரைகளில் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கான ஆமைகள், சில வருடங்களில் ஆயிரக்கணக்கான ஆமைகள், குளிரினால் உணர்விழந்து மரக்கட்டைபோல கரையொதுங்குகின்றன. அவற்றைத் தூக்கிக் காப்பாற்றுவதற்கென்றே சாதாரண மனிதர்கள் நடுச்சாமத்தில் கடற்கரையில் நடக்கிறார்கள். ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், மீனவர்கள், பாடசாலைப் பிள்ளைகள், விமானிகள். சம்பளம் கிடையாது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது, அதனால் என்ன பயன் கிடைத்தது, எமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

*விறைத்தல் என்றால் என்ன?*

ஆமை ஊர்வன இனம். எமக்கு இருப்பதுபோல உடலுக்குள் நிலையான சூடு அதற்கு இல்லை. சுற்றியிருக்கும் நீரின் வெப்பநிலைதான் பெரும்பாலும் அதன் உடலின் வெப்பநிலை. (தோணியாமை என்ற மிகப் பெரிய இனம் மட்டும் ஓரளவு விதிவிலக்கு.) நீர் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆமையின் இதயத் துடிப்பு மந்தமாகும். இரத்த ஓட்டம் குறையும். துடுப்புகள் அசையாது. சுழியோட முடியாமல் நீரின் மேல் மிதக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போகும். அப்படி மிதக்கும்போது படகு மோதலாம், பறவை கொத்தலாம், நீர் மூக்கினுள் போய் நியுமோனியா வரலாம். கரைக்கு வந்து சேர்ந்தால் அங்கே காற்று இன்னும் குளிர்.

பார்ப்பவருக்கு அது செத்த ஆமை. உண்மையில் பல வேளைகளில் அது சாகவில்லை. இந்த ஒரு விடயத்தைக் கண்டுபிடித்ததில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது.

அந்த ஆமைகளுள் அதிகம் பேசப்படுவது கெம்ப் ரிட்லி என்ற இனம். உலகில் உள்ள ஏழு கடலாமை இனங்களுள் மிகவும் அருகிப்போனது அதுதான். அதன் கதையை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

*எங்கே முட்டையிடுகிறது என்று யாருக்கும் தெரியாத ஆமை*

ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடியில் கே வெஸ்ட் என்று ஒரு தீவு. அங்கே வாழ்ந்த ரிச்சர்ட் கெம்ப் என்பவர் தாம் கண்ட வித்தியாசமான ஓர் ஆமையை ஹார்வர்ட் பல்கலைக்கழக நூதனசாலைக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்த விலங்கியலாளர் சாமுவேல் கார்மன் 1880 ஆம் ஆண்டு அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அனுப்பியவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

பெயர் கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை. இந்த ஆமை எந்தக் கரையில் முட்டையிடுகிறது என்று அதன்பின் எண்பது வருடங்களாக விஞ்ஞானிகளுக்குத் தெரியாது. புளோரிடா மீனவர்கள் இது இரண்டு இனங்கள் கலந்து பிறந்த ஆமை, முட்டையே இடாது என்றார்கள். கடலாமை ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் ஆச்சி கார் பல வருடங்கள் தேடினார். 1956 இல் வெளிவந்த தனது நூலிலும் இதைத் தீராத புதிராகவே எழுதினார்.

இந்த இடத்தில் எமது நாட்டவர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக நீண்ட காலம் இருந்த போல் தெரணியகல உலகின் கடலாமைகளைப் பற்றி ஆழமாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். எமது கரைக்கு வரும் சித்தாமை, அதாவது ஒலிவ் ரிட்லி, இந்த கெம்ப் ரிட்லியின் உடன்பிறப்பு இனம். அதனால் இரண்டையும் ஒப்பிட்டு ஆராய அவரால் முடிந்தது. 1930 களின் இறுதியில், ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்கிய சில ஆமைகள் இந்த மெக்சிகோ வளைகுடா இனத்தைச் சேர்ந்தவையே என்று லண்டனின் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். எங்கோ நடந்த ஆமைக் கதையில் இலங்கைக்கும் ஒரு வரி உண்டு என்பதை எமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

புதிரை அவிழ்த்தது விஞ்ஞானி அல்லர். மெக்சிகோவின் தம்பிக்கோ நகரைச் சேர்ந்த அந்திரேஸ் எரேரா என்ற பொறியியலாளர். 1947 ஜூன் 18 ஆம் திகதி, சிறிய விமானம் ஒன்றில் பறந்து சென்று ரஞ்சோ நுவேவோ என்ற ஆளரவமற்ற கரையில் இறங்கினார். பட்டப்பகலில், கரை முழுவதும் ஆமைகள். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும் அளவுக்கு நெருக்கம். அவர் அதைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தார். அந்த ஒரு நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் வந்தன என்று பின்னர் அந்தப் படத்தை வைத்து மதிப்பிட்டார்கள்.

அந்தப் படச்சுருள் பதினான்கு வருடங்கள் பெட்டிக்குள் கிடந்தது. பேராசிரியர் ஹென்றி ஹில்டபிராண்ட் அதைத் தேடிக் கண்டுபிடித்து 1961 இல் டெக்சாஸில் கூடிய விஞ்ஞானிகளுக்குப் போட்டுக் காட்டினார். கரையில் இருந்தவர்களுக்கு எப்போதும் தெரிந்திருந்த விடயம் அன்றுதான் விஞ்ஞான உலகத்துக்குத் தெரிய வந்தது.

*40,000 இலிருந்து 702*

இடம் தெரிந்தபோது காலம் பிந்திவிட்டது. ரஞ்சோ நுவேவோவில் முட்டைகளைப் பெருமளவில் தோண்டி எடுத்து விற்றார்கள். கடலில் இறால் பிடிக்கும் மடிவலைகளில் ஆமைகள் சிக்கி மூச்சுத் திணறி மாண்டன. ஆமை நீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பதை எமது மீனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1966 இல் மெக்சிகோ அரசாங்கம் அந்தக் கரைக்குப் பாதுகாப்புப் போட்டது. 1978 இல் மெக்சிகோவும் ஐக்கிய அமெரிக்காவும் கூட்டுத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தன. அப்படியிருந்தும் 1985 இல் அந்த இனம் முழு வருடமும் இட்ட கூடுகள் வெறும் 702. ஒரு பெண் ஆமை ஒரு பருவத்தில் இரண்டு மூன்று தடவை முட்டையிடும். அப்படியானால் அந்த வருடம் கரைக்கு வந்த பெண் ஆமைகள் சுமார் முந்நூறு. ஒரே நாளில் 40,000 வந்த கரை அது.

அரசாங்கங்கள் விழிப்பதற்கு முன்னரே விழித்த சிலர் இருந்தார்கள். டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரைச் சேர்ந்த டேர்ல் அடம்ஸ் கட்டட ஒப்பந்தக்காரர். விஞ்ஞானம் படித்தவர் அல்லர். 1960 களில் மெக்சிகோவின் அந்தக் கரைக்குப் போய் முட்டைகளை எடுத்துவந்து தென் பாட்ரே தீவின் மணலில் புதைத்துப் பொரிக்க வைத்தார். ஒரே கரையை நம்பி ஓர் இனம் இருக்கக்கூடாது, இரண்டாவது கரை ஒன்று வேண்டும் என்பது அவரது எண்ணம்.

அவருக்குக் கைகொடுத்தவர்களுள் ஒருவர் ஐலா லோட்ஷர் என்ற பெண்மணி. 1929 இல் விமானம் ஓட்ட அனுமதிப்பத்திரம் பெற்றவர்; அயோவா மாநிலத்தில் அதைப் பெற்ற முதல் பெண். கணவர் காலமான பின் தென் பாட்ரே தீவில் குடியேறினார். காயப்பட்ட ஆமைகளைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். ஆமைகளுக்குச் சட்டை தைத்துப் போட்டு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குக் கொண்டு போனார். சிலர் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்கள் ஆமையைப் பற்றிக் கேட்கவும் தொடங்கினார்கள். 1977 இல் அவர் தொடங்கிய 'சீ டேர்ட்டில் இன்க்' என்ற அமைப்பை மறந்துவிடாதீர்கள். பின்னால் மீண்டும் அதனிடம் வருவோம்.

1978 முதல் பத்து வருடங்கள் அடம்ஸின் அதே எண்ணத்தை அரசாங்கங்கள் பெரிய அளவில் செய்தன. முட்டைகள் பாட்ரே தீவின் மணலில் பொரிந்தன. குஞ்சுகள் கல்வெஸ்டனில் சில மாதங்கள் வளர்க்கப்பட்டுக் கடலில் விடப்பட்டன. பலன் உடனே தெரியவில்லை. இந்த ஆமை பருவமடையப் பத்து வருடங்களுக்கு மேல் எடுக்கும். அப்படி வளர்த்து விட்ட ஆமைகள் திரும்பி வந்து பாட்ரே தீவில் முட்டையிட்டதை முதன்முதலில் கண்டது 1996 இல். விதைத்தவர் அறுவடைக்காகப் பதினெட்டு வருடங்கள் காத்திருந்தார்.

*கேப் கொட்: கொக்கி வடிவ நிலம்*

இனி வடக்கே போவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேப் கொட் என்ற நிலப்பகுதி கடலுக்குள் நீண்டு, பிறகு மடித்த கையைப்போல மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. கெம்ப் ரிட்லிக் குஞ்சுகள் வளைகுடாவிலிருந்து நீரோட்டத்துடன் வடக்கே வருகின்றன. இரண்டு முதல் நான்கு வயது. ஓடு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. கோடையில் அந்தக் கடலில் நண்டு நிறைய. நன்றாகத் தின்று வளர்கின்றன.

இலையுதிர் காலம் வந்து நீர் குளிரத் தொடங்கியதும் தெற்கே திரும்ப வேண்டும். திரும்பும் ஆமைக்கு முன்னால் நிலம் நிற்கிறது. தெற்கே போக வேண்டுமென்றால் முதலில் வடக்கே போய் அந்தக் கொக்கியைச் சுற்ற வேண்டும். இது ஆமைக்குப் புரிவதில்லை. விரிகுடாவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நிற்கிறது. நவம்பரில் நீர் 10 பாகைக்குக் கீழே இறங்குகிறது. கரைவலைக்குள் மாட்டிய மீனின் நிலைதான்.

1974 இல் றொபர்ட் பிரெஸ்கொட் என்பவர் கேப் கொட் கரையில் இப்படி ஒரு சிறிய ஆமையைக் கண்டார். அது கெம்ப் ரிட்லி என்று தெரிந்தது. இவ்வளவு வடக்கே இந்த ஆமைக்கு என்ன வேலை என்ற கேள்வி அவரை விடவில்லை. பிறகு வெல்ஃப்ளீட் விரிகுடாவில் மாசசூசெட்ஸ் ஓடுபன் சங்கத்தின் சரணாலயத்துக்குப் பல தசாப்தங்கள் பணிப்பாளராக இருந்தார். தொண்டர்களைச் சேர்த்துக் கரை ரோந்தை ஒழுங்கமைத்தார்.

அந்த ரோந்தின் முறை இதுதான். நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஒவ்வொரு வற்றுப்பெருக்குக்கும் ஆள் நடக்க வேண்டும். பெருக்கு இரவு இரண்டு மணிக்கு வந்தால் இரவு இரண்டு மணிக்குப் பின் நடக்க வேண்டும். காற்றுப் பலமாக அடிக்கும் இரவுதான் ஆமை அதிகம் ஒதுங்கும் இரவு. ஆகவே வீட்டைவிட்டு வெளிக்கிட மனமில்லாத இரவுதான் போயாக வேண்டிய இரவு.

பொதுமக்களுக்கும் நான்கு விடயங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆமையைக் கண்டால் நீர் எட்டாத உயரத்துக்கு நகர்த்து. காற்றுப் படாமல் காய்ந்த கடற்பாசியால் மூடு. இடம் தெரிய ஒரு தடியையோ மிதவையையோ அடையாளமாக வை. சரணாலயத்துக்கு அறிவி. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: *திரும்பக் கடலில் விடாதே.*

இரக்கப்பட்டு ஆமையைத் தூக்கிக் கடலில் விடுபவர் அதைக் கொன்றுவிடுகிறார். அதை விறைக்கச் செய்ததே அந்த நீர்தான்.

*வாழைப்பழப் பெட்டியில் ஒரு நோயாளி*

கரையில் எடுத்த ஆமையை எதில் கொண்டு போவது? கடைகளில் மிஞ்சும் வாழைப்பழ அட்டைப்பெட்டி. அளவு சரி, காற்றுப் போக ஓட்டை உண்டு, தூக்கக் கைப்பிடி உண்டு, காசும் இல்லை. உள்ளே ஒரு துவாயை விரித்து ஆமையை வைப்பார்கள். இன்றுவரை அதே பெட்டிதான்.

அடுத்ததுதான் எமக்கு வியப்பான இடம். அந்தப் பெட்டியை ஏற்றிய காரில் தொண்டர்கள் வெப்பமூட்டியைப் போடமாட்டார்கள். வெளியே உறைபனி. கைவிரல்கள் மரத்துப் போகும். ஆனாலும் குளிர்ந்த காரிலேயே வைத்தியசாலை வரை ஓட்டுவார்கள். ஏனென்றால் விறைத்த ஆமையைத் திடீரெனச் சூடாக்கினால் அது செத்துப்போகும்.

பொஸ்டன் நகருக்கு அருகே குவின்சியில், முன்பு கப்பல் கட்டிய தளம் ஒன்றில், நியூ இங்கிலாந்து நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தின் ஆமை வைத்தியசாலை இருக்கிறது. அங்கே ஆமையின் உடல் வெப்பநிலையை ஒரு நாளைக்கு சுமார் 3 பாகை செல்சியஸ் வீதம் மட்டும் உயர்த்துகிறார்கள். இன்று 13 பாகை அறை, நாளை அதைவிடச் சற்றுச் சூடான அறை. 24 பாகையைத் தொட நான்கைந்து நாட்கள். இடையில் இரத்தப் பரிசோதனை, சேலைன், நுண்ணுயிர்க் கொல்லி, நுரையீரலுக்கு எக்ஸ்ரே. தினமும் சில நிமிடங்கள் தொட்டியில் விட்டு நீந்துகிறதா என்று பார்க்கிறார்கள். களைத்தால் எடுத்துவிடுவார்கள்.

இதயம் நிமிடத்துக்கு ஓரிரு தடவை மட்டும் துடிக்கும் ஆமைகளும் வரும். துடிப்பே கேட்காதவையும் வரும். அவற்றை உடனே செத்தவை என்று ஒதுக்குவதில்லை. மெதுவாகச் சூடாக்கி, மறுநாளும் பார்த்த பிறகுதான் முடிவு. செத்தது என எண்ணிய ஆமை துடுப்பை அசைத்த சம்பவங்கள் ஒன்றல்ல, பல. இன்று அங்கே உயிருடன் வந்து சேரும் ஆமைகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

குணமாகும் ஆமைகளை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்க இடமில்லை. ஆகவே தென் மாநிலங்களின் நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். தரைவழியே போனால் இரண்டு நாட்கள். இங்கேதான் விமானிகள் வருகிறார்கள். சொந்தச் சிறிய விமானம் வைத்திருப்பவர்கள் தங்கள் நேரத்தையும் எரிபொருளையும் கொடுத்து வாழைப்பழப் பெட்டிகளை ஏற்றிப் பறக்கிறார்கள். 2014 முதல் 'டேர்ட்டில்ஸ் ஃப்ளை டூ' என்ற அமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது. ஆமைகளும் பறக்கும் என்பது அந்தப் பெயரின் பொருள்.

2014 என்ற வருடத்தைச் சும்மா சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு பருவத்தில் சில டசின் ஆமைகள்தான் கேப் கொட்டில் ஒதுங்கின. 2014 இல் 1,200 க்கும் மேல். வாழைப்பழப் பெட்டி போதவில்லை, தொட்டி போதவில்லை, வைத்தியர் போதவில்லை. கரையோரக் காவற்படையின் விமானம்கூட ஆமை ஏற்றியது. அன்று நாற்பது வருடப் பழக்கம் கைகொடுத்தது. ஆளும் முறையும் இல்லாத இடத்தில் ஒரே மாதத்தில் இதைச் செய்திருக்க முடியாது.

*டெக்சாஸ், 2021 பெப்ரவரி*

மீண்டும் தென் பாட்ரே தீவுக்கு வருவோம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் லகுனா மாட்ரே என்ற நீண்ட களப்பு. எமது களப்புகளைப் போலவே ஆழம் குறைவு, சராசரி ஒரு மீற்றர் அளவுதான். கடற்புல் நிறைய. அதைத் தின்னப் பேராமைகள் வருகின்றன. ஆழமில்லாத நீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். வாடை திடீரென இறங்கினால் ஆமை ஆழக்கடலுக்குப் போகுமுன் மாட்டிக்கொள்ளும்.

இதே டெக்சாஸ் கரையில் 1880 களிலும் 1890 களிலும் பேராமையைப் பிடித்துத் தகரத்தில் அடைத்து அனுப்பும் ஆலைகள் இருந்தன. அந்த நூற்றாண்டு முடியுமுன் ஆமை தீர்ந்து தொழிலும் படுத்துவிட்டது. அமெரிக்கரை மட்டும் குறை சொல்லவேண்டாம். யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு வைத்தே துண்டு துண்டாக வெட்டி விற்றதை எமர்சன் ரெனன்ட் 1861 இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். எந்த ஊரும் இதில் சுத்தமில்லை.

2021 பெப்ரவரி நடுப்பகுதியில் டெக்சாஸை ஒரு பெரும் பனிப்புயல் தாக்கியது. மாநிலத்தின் மின்விநியோகம் சரிந்தது. இலட்சக்கணக்கான வீடுகளில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை, பல இடங்களில் தண்ணீரும் இல்லை. 200 க்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தார்கள். அதே நாட்களில் டெக்சாஸ் கரையெங்கும் 12,000 க்கும் மேற்பட்ட ஆமைகள் விறைத்தன. ஐக்கிய அமெரிக்காவில் பதிவான மிகப் பெரிய நிகழ்வு இது. அதற்கு முன் 2010 ஜனவரியில் புளோரிடாவில் 4,500 க்கும் மேற்பட்டவை விறைத்ததுதான் பெரிதாகப் பேசப்பட்டது.

ஐலா லோட்ஷர் தொடங்கிய அந்த அமைப்பின் வைத்தியசாலையில் இடம் நிரம்பியது. மின்சாரமும் போயிற்று. தீவின் மாநாட்டு மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். மக்கள் படகிலும் பிக்கப்பிலும் சொந்தக் காரின் பின்னாசனத்திலும் ஆமைகளைக் கொண்டு வந்தார்கள். தரையில் படங்கு விரித்து வரிசை வரிசையாக அடுக்கினார்கள். சிறுவர் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளிலும் வைத்தார்கள். கல்யாண மண்டபம் போன்ற அந்த இடத்தில் சுமார் 5,000 ஆமைகள். வைத்தியசாலைக்கு ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் பெரிய மின்பிறப்பாக்கி ஒன்றைக் கொடுத்துதவியது. ஒரு வாரத்துக்குள் காலநிலை மாறியதும், உயிர்தப்பிய ஆமைகளைப் படகுகளில் ஆழக்கடலுக்குக் கொண்டுபோய், சறுக்குப் பலகை வைத்து ஒவ்வொன்றாக நீருக்குள் இறக்கினார்கள்.

எல்லாம் பிழைக்கவில்லை. மிகப் பல செத்தன. மின்சாரமில்லாத மண்டபத்தில் அத்தனை ஆயிரத்துக்கும் மருந்து கொடுக்க எவராலும் முடியாது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவை கடலுக்குத் திரும்பின.

*மனிதர் சாகும்போது ஆமையா?*

இது நியாயமான கேள்வி. யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட எமது ஊர்களில் இதைக் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆமைகளைத் தூக்கியவர்கள் சூடான வீட்டில் இருந்து பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் அல்லர். அவர்களது வீட்டிலும் மின்சாரம் இல்லை. அயலவருக்குச் சோறு கொடுத்த அதே கைதான் ஆமையையும் தூக்கியது. இரக்கம் என்பது அளந்து வைத்த அரிசி அல்ல, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைவதற்கு.

இரண்டாவது, கணக்கு. ஆமைக் குஞ்சுகள் ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேப் கொட்டில் ஒதுங்கும் மூன்று வயது ஆமை, நண்டுக்கும் பறவைக்கும் மீனுக்கும் தப்பி அந்தப் பெரும் ஆபத்தைத் தாண்டி வந்த ஆமை. ஆபத்தில் இருக்கும் ஓர் இனத்தில் அப்படியொன்றைக் காப்பாற்றுவது பெரிய விடயம்.

ஆனால் மூன்றாவதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கெம்ப் ரிட்லியை அழிவின் விளிம்பிலிருந்து இழுத்தெடுத்தது வாழைப்பழப் பெட்டி மட்டும் அல்ல. ரஞ்சோ நுவேவோவில் முட்டைகளைக் காத்தது முதற் காரணம். இறால் மடிவலையில் ஆமை தப்பிப் போகும் கதவைப் பொருத்தக் கட்டாயப்படுத்தியது இரண்டாவது காரணம். அமெரிக்கா 1987 இல் அந்தச் சட்டவிதிகளைக் கொண்டு வந்தபோது இறால் மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிழைப்பில் கைவைத்தால் யாரும் எதிர்ப்பார்கள். பின்னர் இறக்குமதி இறாலுக்கும் அந்த நிபந்தனை வந்து, இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக நிறுவனம் வரை வழக்காடின. அந்தக் கதையை வேறொரு நாள் எழுதுவோம். இவையெல்லாம் சேர்ந்துதான் 702 ஆக இருந்த கூடுகள் பிற்காலத்தில் சில வருடங்களில் 20,000 ஐத் தாண்டின.

விறைத்து ஒதுங்கும் ஆமைகள் பெருகுவதற்கும் காரணம் உண்டு. இனம் ஓரளவு பெருகியிருப்பது ஒன்று. மற்றது, கேப் கொட்டுக்கு வடக்கேயுள்ள மேன் வளைகுடா உலகின் பெரும்பாலான கடற்பகுதிகளைவிட வேகமாகச் சூடாகி வருகிறது. கோடை நீள்கிறது. ஆமைகள் முன்னரை விட வடக்கே போய், முன்னரை விட நீண்ட நாட்கள் நிற்கின்றன. குளிர் வரும்போது மாட்டிக்கொள்கின்றன. கடல் சூடாவதால் ஆமை குளிரில் சாகிறது என்றால் கேட்பதற்கு விசித்திரம்தான், நடப்பது அதுதான்.

*எமது கரைக்கு*

2021 டெக்சாஸ் செய்தி வந்து மூன்று மாதம்தான். மே இறுதியில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது. அடுத்த வாரங்களில் எமது நாட்டின் கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. நாம் பார்த்தோம், படம் எடுத்தோம், பகிர்ந்தோம். கரையை நடந்து பார்க்க ஊருக்கு ஊர் ஒரு அணி எம்மிடம் இருக்கவில்லை.

எம்மால் முடியாத காரியமும் அல்ல. தெற்கே ரெக்காவையில் 1990 களில் ஆமை முட்டை தோண்டி விற்றவர்களையே கூடு காக்கும் காவலர்களாக ஆக்கினார்கள். கூடு எங்கே இருக்கும் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இலங்கைக்கு வரும் ஐந்து ஆமை இனங்களும் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும், இறைச்சியும், முட்டை வைத்திருப்பதும் குற்றம். இது பலருக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று.

வலையில் சிக்கி அசையாமல் வரும் ஆமை பெரும்பாலும் நீரில் மூச்சடைத்த ஆமை. செத்தது என்று எறிந்துவிடுகிறோம், அல்லது இரக்கப்பட்டு உடனே கடலில் விடுகிறோம். இரண்டாலும் அது சாகும். செய்ய வேண்டியது இது: வயிறு கீழே இருக்கும்படி நேராக வையுங்கள். பின்பக்கத்தை ஒரு சாண் அளவுக்கு உயர்த்தி வையுங்கள், நுரையீரலில் உள்ள நீர் வடியட்டும். நிழலில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள், மூக்கை மூடவேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறைந்தது நான்கு மணித்தியாலம், தேவையானால் ஒரு நாள் வரை பொறுங்கள். தெளிந்து பலமாக அசைந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வலையில்லாத இடத்தில் மெதுவாக இறக்கிவிடுங்கள். காயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

குளிர் நாட்டில் சொல்வதும் சூட்டு நாட்டில் சொல்வதும் ஒன்றுதான்: செத்தது என்று அவசரப்படாதே, கடலில் எறிய அவசரப்படாதே.

மாணவர்களைச் சேர்த்து மாதம் ஒரு தடவை எமது கரையை நடந்து, ஒதுங்கும் ஆமைகளின் இடம், திகதி, இனம், காயம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் பதியலாம் என்று சில ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். சேர விரும்பும் பெற்றோரும் மீனவச் சகோதரர்களும் கீழே எழுதுங்கள். வலையில் வந்த ஆமை தெளிந்து போனதைக் கண்ட பெரியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். கொப்பியின் முதற்பக்கத்தை அதில் இருந்தே தொடங்குவோம்.